ஒருத்திக்கு மட்டும் பச்சை

கரும்புத் தீவுக்கு மோப்பன் வந்த முதல் வாரத்திலேயே அதனிடம் மாட்டி மானம் போனவள் ஜட்ஜ் பெல்டனின் மனைவி. கேக் வாங்கப் போனாள் அந்த அம்மாள். கடை வாசலில் புதிதாக நட்டிருந்த அந்த மோப்பன் இயந்திரம் அவளைச் சுற்றியிருந்த காற்றை ஓர் இழுப்பு இழுத்து முகர்ந்தது. சிவப்பு விளக்கைப் போட்டது. தெரு முழுக்கக் கேட்கும்படி, "மூன்றாம் வகுப்பு. அனுமதியில்லை" என்றது. மூன்றாம் வகுப்பு என்றால் தமிழர். அந்த அம்மாளோ வெயில் பட்டால் சிவந்துபோகிற நிறம், பூனைக்கண், பரம்பரை பரம்பரையாகத் துரைசானி. கேக் கடைக்காரன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றான்.

தீவை ஆண்டவர்கள் மனிதர்களை நான்கு வகுப்பாகப் பிரித்து வைத்திருந்தார்கள். வெள்ளையர் ஒன்று. கலப்பில் பிறந்தவர்கள் இரண்டு. கரும்பு வெட்டக் கப்பலேற்றி வந்த தமிழர்களின் வாரிசுகள் மூன்று. சங்கிலி போட்டு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள் நான்கு. முதல் வகுப்புக்கு மேல்நகர், கடற்கரை, ஓட்டு எல்லாம் உண்டு. மற்ற மூன்றுக்கும் சேர்த்துக் கீழ்க்கரை என்று ஒரு சேற்றுப் பள்ளம். வேலைச் சீட்டு இருந்தால் பகலில் மேலே போகலாம். பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், கீழ்க்கரைத் தண்ணீர்க் குழாயில் மூன்றாம் வகுப்பார் நான்காம் வகுப்பாரை முந்த விடமாட்டார்கள். மிதிபடுகிற இடத்திலும் நமக்கு ஒரு படி உயரம் வேண்டியிருந்தது.

முன்பெல்லாம் வாசல்களில் காவலர்கள் நின்று முகத்தையும் காகிதத்தையும் பார்த்து அனுப்பினார்கள். காவலனுக்குக் கையூட்டுக் கொடுக்கலாம். அவனுக்கு இரக்கம் வரலாம். நிறம் அவனை ஏமாற்றலாம். இதையெல்லாம் ஒழிக்கத்தான் மோப்பனைக் கொண்டுவந்தார்கள். கூடவே ஒரு சட்டமும் போட்டார்கள். மோப்பன் சொன்னதே முடிவு. மனிதக் கண்ணுக்கு அதை மாற்ற அதிகாரமில்லை.

அந்தச் சட்டத்தில் முதலில் தடுக்கி விழுந்தவள்தான் ஜட்ஜின் மனைவி. பிறகு விஷயம் வெளியே வந்தது. அந்த அம்மாளுக்குத் தலையில் முடி இல்லை. வைத்திருந்தது டோப்பா. கீழ்க்கரை முருகன் கோயிலில் தைப்பூசத்துக்கு மொட்டை போடுகிற சனங்களின் முடியைத் தர்மகர்த்தா மூட்டை மூட்டையாக டோப்பா செய்கிறவர்களுக்கு அனுப்பிவந்தார். வள்ளியம்மையோ மாரிமுத்துவோ முருகனுக்குக் கொடுத்த முடி துரைசானி தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. கீழ்க்கரையில் ஒரு வாரம் இதே பேச்சு. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

பூங்காவனமும் சிரித்தாள். அவள் கீழ்க்கரைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். விடுதலைக் கட்சியின் இரகசியக் குழுவிலும் இருந்தாள். பள்ளி விட்டதும் நேரே சலவைக்கூடத்துக்குப் போய்விடுவாள். மேல்நகர் முழுவதற்கும் துணி வெளுத்து, கஞ்சி போட்டு, மடித்து அனுப்புகிற பெரிய கூடம் அது. குழு கூடுவதும் அங்கேதான். வெள்ளாவியின் ஆவியும் இயந்திரங்களின் இரைச்சலும் இருக்கிற இடத்தில் ஒற்றன் காது வைத்து என்ன கேட்டுவிடப் போகிறான்?

அன்று மாலை கூடத்துத் தொலைபேசி அடித்தது. மேல்நகர் வீடுகளிலிருந்து நாள் முழுக்க அடித்துக்கொண்டிருக்கிற போன்தான். பூங்காவனம் எடுத்தாள்.

"டாக்டர் வில்லெம் வீட்லேர்ந்து பேசறேன்" என்றது ஒரு பெண் குரல், வெள்ளையர் பாஷையில். பிறகு தமிழில், மிக மெதுவாக: "அக்கா."

எட்டு வருடமாயிற்று அந்த வார்த்தையைக் கேட்டு.

செண்பகம் அவளுக்கு இளையவள். எலுமிச்சம்பழ நிறம், நீண்ட மூக்கு. குடும்பத்தில் யாரைக் கொண்டிருக்கிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது. வயது வந்ததும் எவனிடமோ காகிதம் செய்து வாங்கிக்கொண்டு, அநாதை விடுதியில் வளர்ந்த செலின் என்ற வெள்ளைக்காரியாக மேல்நகர் ஏறினாள். துணிக்கடையில் வேலை பார்த்தாள். டாக்டரைக் கட்டிக்கொண்டாள். ஒரு பையன் பிறந்தான். அவ்வளவுதான் இவர்களுக்குத் தெரியும். அம்மா குப்பம்மாள் இந்தச் சலவைக்கூடத்தில்தான் தண்ணீரில் நின்று நின்று மூட்டு வீங்கி, இரண்டு வருடம் முன்பு செத்துப்போனாள். செண்பகம் வரவில்லை. வர முடியாது என்பது பூங்காவனத்துக்குத் தெரியும். ஆனாலும் வரவில்லை என்பது வரவில்லைதானே.

அதைவிட ஆறாத இன்னொன்று இருந்தது. டாக்டர் வீட்டுத் துணிமூட்டை வாராவாரம் கூடத்துக்கு வரும். டாக்டரின் சட்டைகள் இருக்கும். பையனின் சின்னச் சின்னச் சட்டைகள் இருக்கும். அவளுடைய துணி ஒன்றுகூட இருக்காது. அம்மா ஒவ்வொரு முறையும் மூட்டையை அடிவரை கிளறிப் பார்ப்பாள். "அவ துணி ஒண்ணாச்சும் வந்தா தொட்டாவது பாப்பேன்டி" என்பாள். டாக்டர் வீட்டு அம்மாளுக்குக் கஞ்சி ஒத்துக்கொள்ளாதாம் என்று வண்டிக்காரன் சொல்லிவிட்டுப் போவான். பூங்காவனத்துக்கு அந்தக் கதை தெரியும். நம் கை பட்டால் அவளுக்குத் தீட்டு. வெள்ளைக்காரிகளே கொடுக்கிறார்கள், வெள்ளைக்காரியாக மாறியவளுக்குத்தான் ஆகவில்லை.

"என்ன வேணும்?" என்றாள்.

"இந்த மோப்பன் வந்ததுலேர்ந்து நான் வாசப்படி தாண்டலக்கா. ஒடம்பு சரியில்ல, ஒடம்பு சரியில்லன்னு எத்தன நாளைக்குச் சொல்றது? மாட்டினா என்னைய மட்டும் விட மாட்டாங்க. எம்புள்ள தியோவையும் எங்கிட்டேர்ந்து புடுங்கி எங்கயாச்சும் விட்ருவாங்க. அவனுக்கு இன்னும் பால் பல்லு விழல, அந்த வயசுப் புள்ளைங்கள மோப்பன் கேக்காது. அப்புறம்? நீ சயின்ஸ் படிச்சவ. ஏதாச்சும் வழி சொல்லேன்."

பூங்காவனத்துக்குள் எட்டு வருடமாகக் கிடந்தது எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது.

"வழியா? இருக்கே. ஜட்ஜ் பொண்டாட்டி நம்ம மசுர வெச்சுக்கிட்டு மூணாம் வகுப்பானா இல்ல? நீ அவங்க மசுர அரைச்சுப் பூசிக்கிட்டு ஒண்ணாம் வகுப்பா நடயேன். ஒனக்கென்ன, பூச்சு புதுசா?"

"சரிக்கா" என்றாள் செண்பகம். போன் துண்டிக்கப்பட்டது.

போனை வைத்த பிறகுதான் பூங்காவனத்துக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. தங்கையைப் பற்றிய நினைப்பு கூட அப்போது இல்லை. அவங்க மசுரைப் பூசினால் ஒன்றாம் வகுப்பு என்றால், நம்ம மசுரைப் பூசினால்? ஒரு துரைசானிக்கு மட்டும் இல்லை, மேல்நகர் முழுவதற்கும் பூசினால்? எதிரே பெரிய அண்டாவில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் ஜோசுவாவிடம் சொன்னாள். ஜோசுவா சலவைத் தொழிலாளர் சங்கத் தலைவன், நான்காம் வகுப்பு. கீழ்க்கரையிலேயே பிறந்து வளர்ந்தவன் என்பதால் தமிழர்களை விட நன்றாகத் தமிழில் திட்டுவான்.

"புரியற மாதிரி சொல்லுங்க டீச்சர்" என்றான்.

"ஆளு நடந்தா தோல் தூளா உதிரும், முடி உதிரும். கண்ணுக்குத் தெரியாது. மோப்பன் அத இழுத்து, அதுல எழுதியிருக்கற வம்சத்தப் படிக்குது. பக்கத்து ஆள் தூசி கொஞ்சம் ஒட்டியிருந்தா தள்ளிடும். ஆனா எது ரொம்ப நெறைய இருக்கோ அதத்தான் ஆளுன்னு நெனைக்கும். டோப்பாவுல ஏமாந்தது அப்படித்தான்."

"சரி."

"முடிய மாவா அரைச்சுக் கஞ்சியில கலந்தா? காலர், கை, பாவாடை, எல்லாத்துலயும் ஏறிடும். நடக்க நடக்க ஒதிரும். திங்கக்கெழம காலைல எல்லாரும் புதுத் துணி உடுத்துவாங்க."

ஜோசுவா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்காளுங்க முடியயும் ரெண்டு பிடி போடுங்க டீச்சர். நாங்களும் ஒரு நாள் மேல்நகர்ல குடியிருந்த மாதிரி இருக்கும்."

பிறகு சிரிப்பை நிறுத்தினான். "அங்க ஒங்க தங்கச்சி இருக்குதே. ஒரு வார்த்த சொல்லி வைக்க வேணாமா?"

அவன் ஒருவனுக்குத்தான் அது தெரியும். பூங்காவனம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"குழுவுக்கு வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? அதோட, அவ துணி நம்மகிட்ட வராது. நம்ம கை பட்டா அவளுக்கு ஆகாது. தெரிஞ்சு என்ன செய்யப் போறா?"

ஜோசுவா மேலே கேட்கவில்லை. கட்டுப்பாடு பெரிதா, கோபம் பெரிதா என்று அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

தர்மகர்த்தாவிடம் போய் முடி மூட்டைகளைக் கேட்டபோது அவர் மேலும் கீழும் பார்த்தார். "முருகனுக்குக் குடுத்ததும்மா" என்றார். "தெரியும். இந்த வருசம் வேற எடத்துக்கு அனுப்பச் சொல்லி முருகன் உத்தரவு" என்றாள் பூங்காவனம். அவர் பயந்த மனிதர்தான். ஆனால் அவர் மகனைப் போன வருடம்தான் மேல்நகர்க் காவலர்கள் பொழுது சாய்ந்த பிறகு கண்டு அடித்துக் கால் ஒடித்திருந்தார்கள். சாவியை எடுத்து நீட்டினார்.

மசாலா அரைக்கிற இயந்திரத்தில் முடியை அரைத்தார்கள். அண்டா அண்டாவாகக் கஞ்சியில் கொட்டிக் கலக்கினார்கள். தேங்காய் எண்ணெய் வாசனை போவதற்கு ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் மேல்நகருக்கு மடித்த துணிகளோடு போயின.

திங்கட்கிழமை மேல்நகரில் நடந்ததைக் கீழ்க்கரை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறது. காலையில் அலுவலகம் போகப் புறப்பட்ட துறைமுக அதிகாரிக்குச் சிவப்பு. பாதிரியாருக்குச் சிவப்பு. வங்கி மேலாளர் உள்ளே போக முடியாமல் திரும்பி வீட்டுக்குப் போனார். தெருமுனை மோப்பன் அவரை வீட்டுக்கும் விடவில்லை. ஜட்ஜ் பெல்டன் இம்முறை தாமே மூன்றாம் வகுப்பானார். "என் முகத்தைப் பாரடா!" என்று காவலனிடம் கத்தினார். பார்க்க அவனுக்கு அதிகாரமில்லை என்று சட்டம் போட்டவர்களில் அவரும் ஒருவர். காவலனும் அந்த நேரத்தில் மூன்றாம் வகுப்புதான். வேலைச் சீட்டு இல்லாமல் மேல்நகரில் அகப்பட்ட மூன்றாம் வகுப்பாரைக் கீழே இறக்க வேண்டும் என்பது விதி. ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிற லாரிகள் தாமாக வந்து நின்று, ஏற்றிக்கொண்டு, கீழ்க்கரைச் சேற்றில் கொண்டுவந்து இறக்கின.

மத்தியானம் தண்ணீர்க் குழாயில் துரைமார் வரிசையில் நின்றார்கள். பூங்காவனம் பள்ளிக்கூட மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரக்கம் வரவில்லை. வராதது பற்றி வருத்தமும் வரவில்லை. வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை.

அந்த நேரத்தில் மேலே, ஆள் நடமாட்டம் இல்லாத தெருக்களில், ஒரே ஒருத்தி நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளின் பள்ளியில் இருநூறு குழந்தைகள் அடைபட்டிருந்தார்கள். பால் பல் விழாத பிள்ளைகள் காலையில் உள்ளே போய்விட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த ஆசிரியைகள் எல்லாருக்கும் சிவப்பு. கதவை உள்ளிருந்து திறக்கிற வயது ஒரு குழந்தைக்கும் இல்லை. வெளியிலிருந்து திறக்க, மோப்பன் ஒத்துக்கொள்கிற ஒரு முதல் வகுப்பு ஆள் வேண்டும். அழுகைச் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டதாம். டாக்டர் வீட்டு ஜன்னலுக்கும் கேட்டது. அந்த அழுகையில் தியோவின் அழுகை எது என்று செண்பகத்துக்குத் தெரியாமலா இருக்கும்?

அக்கா குத்திக்காட்டச் சொன்னதை அவள் குத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை. சயின்ஸ் படித்த அக்கா வழி சொல்லியிருக்கிறாள் என்றே எடுத்துக்கொண்டாள். டாக்டர் முடி வெட்டிக்கொண்டபோது உதிர்ந்ததை, சீப்பில் சிக்கியதை, எல்லாம் சேர்த்துக் காப்பிக்கொட்டை அரைக்கிற இயந்திரத்தில் பொடி செய்து, ஒரு டப்பாவில் வைத்திருந்தாள். வெளியே போகத்தான் தைரியம் வரவில்லை. அன்று வந்தது. தன் கையால் துவைத்து உலர்த்திய கவுனை எடுத்து, பொடியை அள்ளி அள்ளித் தூவி, மாட்டிக்கொண்டு வாசப்படி தாண்டினாள்.

தெருமுனை மோப்பன் முகர்ந்து பார்த்தது. பச்சை. "முதல் வகுப்பு. வருக." அடுத்த வாசல், பச்சை. அடுத்தது, பச்சை. அன்று அந்த நகரத்தில் இருந்த ஒரே வெள்ளைக்காரி கீழ்க்கரைக் குப்பம்மாளின் இளைய மகள்தான். அவள் பள்ளிக் கதவைத் திறந்து, தியோவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மற்ற பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் எல்லாரையும் வெளியே அழைத்து வந்தாள். தன் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டாள்.

மறுநாள் மோப்பன்களை நிறுத்தினார்கள். துரைமார் வீடு திரும்பினார்கள். முதலில் எல்லாரும் டாக்டர் வீட்டுக்குப் பூங்கொத்தோடு வந்தார்கள். பிறகு ஒருவன் கேட்டான்: "எங்கள் ஒருவருக்கும் திறக்காத கதவு இந்த அம்மாளுக்கு மட்டும் எப்படித் திறந்தது?" அதற்குள் துணிகளைப் பரிசோதித்துக் கஞ்சியில் மயிர்த்தூள் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார்கள். மேல்நகர் முழுவதிலும் சலவைக்குத் துணி போடாதவள் இந்த ஒருத்தி. முன்கூட்டியே தெரிந்தவள்தானே போடாமல் இருப்பாள்? வீட்டைச் சோதித்தார்கள். சமையலறையில் டப்பா கிடைத்தது. டப்பா நிறைய மயிர்த்தூள்.

அது யாருடைய மயிர் என்று ஒரு நொடியில் மோப்பன் சொல்லியிருக்கும். அவள் யார் என்றும் சொல்லியிருக்கும். ஆனால் மோப்பனின் வாக்கு எதற்கும் செல்லாது என்று முதல் உத்தரவு போட்டவர் ஜட்ஜ் பெல்டன். அது செல்லும் என்றால் அவர் மனைவியைப் பற்றிச் சொன்னதும் செல்லும், அவரைப் பற்றிச் சொன்னதும் செல்லும். துரைமார் அத்தனை பேரும் பேரேட்டில் தமிழர்கள். ஆகவே டாக்டர் மனைவி செலின், காகிதத்தில் உள்ளபடி, ஐயத்துக்கிடமில்லாத வெள்ளைக்காரி. கீழ்க்கரைக்காரர்களுக்கு இவ்வளவு மூளை இருக்கும் என்று நம்பவும் அவர்களுக்கு மனம் வரவில்லை. மூளை வெள்ளைக்காரியுடையது, கை மட்டும் கீழ்க்கரையுடையது என்று வைத்துக்கொண்டார்கள். துணி வெளுக்க அந்தக் கைகள் வேண்டியிருந்ததால் அவளை மட்டும் சிறையில் அடைத்தார்கள்.

செய்தி வந்த அன்று பூங்காவனம் செருப்புக்கூடப் போடாமல் ஜோசுவாவிடம் ஓடினாள்.

"நான் கோர்ட்டுக்குப் போறேன். நான்தான் செஞ்சேன்னு சொல்லப் போறேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அந்தப் பொடி நான் வாய்க்கொழுப்புல சொன்னது, ஜோசுவாண்ணே. அவ பயந்துபோய்க் கேட்டா. நான் வெளையாட்டுக்குக்கூட இல்ல, வேணும்னே சொன்னேன்."

"நீங்க போய்ச் சொன்னா அத விட்ருவாங்களா? ரெண்டு பேரையும் சேத்துத் தொங்க விடுவாங்க. கூடத்துல வேல பாக்கற அத்தன பொம்பளைங்களையும் புடிப்பாங்க." ஜோசுவா குரலைத் தாழ்த்தினான். "இன்னொண்ணு டீச்சர். கோவப்படாமக் கேளுங்க. இத்தன வருசத்துல நம்மாளுங்க எத்தன பேரத் தூக்குல போட்டான்? வெளிநாட்டுக்காரன் எவனாச்சும் திரும்பிப் பாத்தானா? இப்ப ஒரு வெள்ளைக்காரி நமக்காக உள்ள இருக்கான்னு தெரிஞ்சதும், தெனம் தெனம் பேசறான். கப்பல நிறுத்தறேங்கறான், சக்கரை வாங்க மாட்டேங்கறான். அது வெள்ளைக்காரியா இருக்கற வரைக்கும்தான் அவன் பேசுவான்."

"அது என் தங்கச்சிண்ணே."

"தெரியும்" என்றான் ஜோசுவா. அவனும் அழுதான். அழுதுகொண்டேதான் சொன்னான். அவள் போகவில்லை.

தீர்ப்புக்கு முந்தைய நாள், நீதிமன்றத்தில் பின்சுவரோரம் மற்ற வகுப்பார் நிற்கிற இடத்தில் பூங்காவனம் போய் நின்றாள். செண்பகத்தின் தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். முடி போனதும் அம்மாவின் முகவெட்டு அப்படியே வெளியே வந்துவிட்டது. அது அந்த மண்டபத்தில் வேறு யாருக்கும் தெரியவில்லை.

"இதை உனக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?" என்று கேட்டார் ஜட்ஜ்.

"யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானாகவே செய்தேன்" என்றாள் செண்பகம், சுத்தமான வெள்ளையர் பாஷையில். சொல்லும்போது ஜட்ஜைப் பார்க்கவில்லை. பின்சுவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை மன்னித்ததா, இல்லை நீ சொன்னதைத்தானே செய்தேன் என்றதா என்று பூங்காவனம் அதற்குப் பிறகு தினமும் யோசித்தாள்.

மழைக்காலத்தில் அவளைத் தூக்கிலிட்டார்கள். ஜோசுவா சொன்னபடியே உலகம் பொங்கி எழுந்தது. துறைமுகத்துக்குக் கப்பல் வரவில்லை. கரும்பு ஆலைகள் நின்றன. கீழ்க்கரை முழுவதும் தெருவில் இறங்கியது. சுட்டார்கள், சுடச் சுட இறங்கியது. அடுத்த வருடமே வகுப்புச் சட்டங்களைக் கிழித்தார்கள். எல்லாருக்கும் ஓட்டு வந்தது. கொடி மாறியது. ஜோசுவா மந்திரியானான். மோப்பன்களைப் பிடுங்கிக் கடலில் போட்டார்கள். நாலைந்தை மட்டும் மந்திரிமார் குடியிருப்பு வாசலில் வைத்துக்கொண்டார்கள். பாதுகாப்புக்காம்.

வாசலில் இருந்த அந்த மோப்பனைத் தாண்டித்தான் பூங்காவனம் ஒரு நாள் ஜோசுவாவைப் பார்க்கப் போனாள்.

"இப்பவாச்சும் சொல்லலாமாண்ணே? செல வைக்கப் போறதா பேப்பர்ல போட்டிருக்கான். பேராவது செண்பகம்னு போடுங்க. குப்பம்மா மகள்னு போடுங்க."

ஜோசுவா மின்விசிறியைப் பார்த்தான்.

"டீச்சர், வெள்ளைக்காரங்க பாதிப் பேரு இன்னும் இங்கதான் இருக்காங்க. நம்ம ஆளுங்க அவங்க வீட்டக் கொளுத்தாம இருக்கறதுக்கும், அவங்க பணத்த எடுத்துக்கிட்டு ஓடாம இருக்கறதுக்கும் நடுவுல இருக்கறது இந்த ஒரு அம்மா பேருதான். எங்காளு ஒருத்தி ஒங்களுக்காகச் செத்தான்னு அவன் சொல்லிக்கறான். அவங்கள்ளயும் மனுசன் இருக்கான்னு நாம சொல்லிக்கறோம். இப்ப போய் அது கீழ்க்கரைப் பொண்ணுன்னா ரெண்டும் போச்சு. அந்தப் பையன் வேற டாக்டர் மகனா நிம்மதியா வளருது." பிறகு, "கீழ்க்கரைக்காரிக்குச் செல வைக்கணும்னா நான் எத்தன செல வைக்கறது?" என்றான்.

கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால்தான் பூங்காவனம் மேலே வாதாடாமல் எழுந்து வந்தாள்.

சிலை வெள்ளைக் கல்லில் வந்தது. கதவைத் திறக்கிற ஒரு கை, இடுப்பில் ஒரு குழந்தை. மூக்கை இன்னும் கொஞ்சம் நீட்டி, உதட்டை மெல்லியதாக்கியிருந்தார்கள். அடியில் 'செலின் வில்லெம், நம் விடுதலைக்காக உயிர் தந்த வெள்ளை மகள்' என்று பொறித்திருந்தார்கள். திறப்பு விழாவுக்குப் பூங்காவனத்துக்கும் அழைப்பு வந்தது, கீழ்க்கரை ஆசிரியர்களின் பிரதிநிதியாக. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் ஜோசுவா, டாக்டர் வில்லெம், அவர் பக்கத்தில் உயரமாக வளர்ந்துவிட்ட தியோ.

டாக்டர் பேச எழுந்தார். நல்ல மனிதர். புதிய தேசத்துக்கு மரியாதையாகத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"என் மனைவி தன் உடைகளை ஒரு நாளும் சலவைக்குக் கொடுத்ததில்லை. கஞ்சி ஒத்துக்கொள்ளாது என்று எல்லாரிடமும் சொல்லுவாள். எனக்கு மட்டும்தான் உண்மை தெரியும். சலவைக்கூடத்தில் வயதான அம்மாள் ஒருவர் இருக்கிறார், வீங்கிய கால்களோடு தண்ணீரில் நிற்கிறார், 'என் அழுக்கையும் அவர் கையில் கொடுக்க என்னால் முடியாது' என்றாள். எங்களுக்குத் திருமணமான புதிதில் சொன்னது. கடைசி வரை தன் துணியைத் தானே துவைத்தாள்."

பூங்காவனத்தின் கை மடியில் கிடந்த அழைப்பிதழைக் கசக்கத் தொடங்கியது.

"ஒரு நாள் சலவை வண்டிக்காரர், அந்த அம்மாள் இறந்துவிட்டார் என்று பேச்சுவாக்கில் சொன்னார். என் மனைவி குளியலறைக்குப் போனாள். உடுத்தியிருந்த துணியோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். குடம் குடமாக ஊற்றிக்கொண்டே இருந்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை. எனக்கு அப்போது புரியவில்லை. முன்பின் அறியாத ஒரு சலவைத் தொழிலாளிக்காக இப்படி அழுகிற இதயம் எப்படிப்பட்ட இதயம் என்று, அவளை இழந்த பிறகுதான் புரிந்தது."

மேடையில் ஜோசுவா தலையைக் குனிந்துகொண்டான். சாவுச் செய்தி கேட்டால் எதற்காகத் தலை முழுகுவார்கள் என்று அவனுக்கும் தெரியும். அவள் துணி ஒன்றாவது வந்தால் தொட்டாவது பார்ப்பேன் என்று மூட்டையைக் கிளறிய இரண்டு கைகள் பூங்காவனத்தின் கண்ணில் நின்றன. செண்பகம் தன் துணியை அனுப்பாததைத் தீட்டு என்றே அவள் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஜட்ஜ் பெல்டனின் மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள். தலையில் புது டோப்பா. பக்கத்தில் இருந்த கணக்கு வாத்தியார் பூங்காவனத்தை முழங்கையால் இடித்தார்.

"எழுந்து தட்டுங்க டீச்சர். டிவியில காட்டறாங்க."

பூங்காவனம் எழுந்தாள். கைதட்டினாள்.